கோபத்துக்கு வயது வரம்பு

"உங்க வயசு என்ன?"

"ஏன், பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

"அம்மா, மரியாதையாக் கேக்கறேன். வயசு?"

"நானும் மரியாதையாத்தான் சொல்றேன். வழிய விடு."

"வயசு சொல்லாம உள்ள விட முடியாது."

"முப்பது வருஷம் பஸ்ஸில நின்னு ஆஃப் டிக்கெட்டுக்கு வயசு கேட்டவ நான். மீசை மொளைச்ச பையனை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, அஞ்சு வயசுதான்னு சத்தியம் பண்ணின அம்மாக்களையே பாத்தவ. எங்கிட்டயே வயசு கேக்க வந்துட்டியாடா நீ?"

"டா போட்டுப் பேசாதீங்க. நான் அரசு ஊழியன்."

"அரசு ஊழியன்னா டா பொருந்தாதா? போட்டுப் பாக்கறேன், இருடா."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் குடியிருப்பின் வாகனக் கொட்டகை வாசலில் நடந்த சண்டை இது. நான் இரண்டாம் மாடி. என் ஜன்னலுக்கு நேர் கீழே கொட்டகை. எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது.

சண்டை போட்டவர் ஏழாம் மாடி கண்டக்டர் அக்கா. வயது அறுபத்தொன்று. வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஆளிடம்தான் சொல்லவில்லை, உங்களிடம் சொல்வதில் தவறில்லை. அவர் புருஷன் அதே பஸ்ஸை ஓட்டியவர். முப்பது வருஷமும் ஸ்டியரிங்கில் புருஷன், பின்னால் அக்கா. பேச்சுவார்த்தை எல்லாம் விசிலில்தான்: ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. வீட்டிலும் அப்படித்தான் என்று ஆறாம் மாடியில் சொல்வார்கள்.

டோக்கன்காரர், எதிர்த்தெருவில் இருக்கும் இளைஞர் குரல் வாரியத்தின் ஊழியர். கையில் இரண்டு டப்பா. இருபத்தைந்து வயது வரைக்கும் பச்சை டோக்கன். அதற்கு மேல் மஞ்சள். பச்சை இருநூறு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் ஐந்து. ஐந்தும் மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகும் வாசலில் அறுபது பேர், முட்டிக்குப் பட்டி கட்டிக்கொண்டும் கைத்தடி ஊன்றிக்கொண்டும் நின்றார்கள்.

உள்ளே நடக்கவிருந்தது ராப் கச்சேரி.

சிரிக்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

எங்கள் குடியிருப்பு அரசு வாடகைக் கட்டடம், ஏழு மாடி, ஒரு லிப்ட். அந்த லிப்டின் கதவில் 'பழுது' என்ற தகரப் பலகையை மாட்டி ஒரு வருஷமும் பத்து மாதமும் ஆகியிருந்தன. மனு போட்டோம். பதினான்கு மனு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதினான்கு பதில் வந்தது. அதில் ஒன்று நாங்கள் மனு போடுவதற்கு முதல் நாளே வந்துவிட்டது. அவ்வளவு சுறுசுறுப்பு.

டிரைவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு கால் மடங்காமல் போனது. ஏழு மாடிக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. பதினொரு மாதமாக அவர் தரையை மிதிக்கவில்லை. ஓய்வு பெற்றபோது, உடைக்கப் போன பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிக் கொடுத்த டிரைவர் சீட்டை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து, கீழே போகிற வண்டிகளை எல்லாம் திட்டுவார். "இன்டிகேட்டர் போடுடா!" என்று ஏழாம் மாடியிலிருந்து விழும். நகரத்தையே சுற்றி வந்த மனுஷன். கண்டக்டர் அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவர் ஒரு தடவை கீழே இறங்கித் தெருமுனை வரைக்கும் போய்வர வேண்டும்.

நான்காம் மாடியில் இருப்பவள் கொசு. வயது பத்தொன்பது. ஆள் சிறிது, சத்தம் பெரிது என்பதால் அந்தப் பெயர். மருந்துக் கடையில் வேலை. யாருக்கு எந்த முட்டி வலி, எத்தனை மில்லிகிராம் என்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரைவருக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான். அவளுடைய கூட்டாளி ஆணி, டயர்க் கடைக்காரன், இருபது வயது. இருவரும் செத்துப்போன லிப்டின் கதவைக் கடப்பாரையால் நெம்பி, உள்ளே நின்று போனில் பாட்டுப் பதிவு செய்தார்கள். தகரப் பெட்டிக்குள் எதிரொலி நன்றாக இருக்கிறதாம். குழுவுக்குப் பெயரும் கதவிலேயே மாட்டியிருந்தது: 'பழுது'.

*பத்துப் படிக்கு ஒரு மாத்திரை, இருபதுக்கு ரெண்டு,*
*நூத்திப் பன்னண்டு படிக்கு மேல வாடகை மட்டும் உண்டு!*
*லிப்டுல இப்ப பல்லி குடியிருக்கு, அதுக்கு வாடகை இல்ல,*
*பொத்தானை அமுக்கின விரலு தேஞ்சு போச்சு, பதிலு இல்ல!*
*தொற! தொற! கதவத் தொற!*

முதலில் சின்னப் பிள்ளைகள்தான் பிடித்துக்கொண்டார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்களும் பெண்களும் பக்கத்துத் தெருக்களில் இருந்தெல்லாம் வந்து லிப்டு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். அவர்களுக்கு முட்டி வலியா? இல்லை. ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் 'அப்புறம் பாக்கலாம்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். மூடின கதவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொண்டோம். இது என்ன பாட்டா, வாய்த்தகராறா என்று நானே கேட்டேன். பிறகு ஒரு நாள் அரிசி மூட்டையோடு ஐந்தாம் மாடிப் படியில் மூச்சு வாங்கி நின்ற ஒரு பெரியவர், தன்னை அறியாமல் 'தொற, தொற' என்று ஒவ்வொரு படிக்கும் முனகினாராம். அத்தோடு போயிற்று. ஒரே வாரத்தில் படிக்கட்டு முழுக்க அதே முனகல். கண்டக்டர் அக்கா தன் பழைய விசிலைத் தேடி எடுத்து, 'தொற'வுக்கு நடுவில் ஒன்று, முடிவில் இரண்டு என்று ஊதினார். கொசு அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டாள். ஏழாம் மாடி ஜன்னலில் டிரைவர் சீட்டின் கைப்பிடியில் தாளம் போட்டார்.

இந்த நேரத்தில்தான் இளைஞர் குரல் வாரியத்துக்குக் காது கேட்டது.

வாரியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இளைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே அரசு உண்டாக்கியது. நாற்பது ஊழியர்கள். முப்பத்தொன்பது பேருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். மிச்சம் ஒருவர் நம் டோக்கன்காரர், இருபத்தைந்து. அதனால் இளைஞர் பிரதிநிதியும் அவரே. வியாழக்கிழமைகளில் எல்லா அதிகாரிகளும் தொப்பியைத் திருப்பிப் போட வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. பேச்சில் 'செம', 'கெத்து', 'வேற லெவல்' ஆகிய சொற்களை நாளொன்றுக்கு மூன்று தடவையாவது பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தியதைக் குறித்து வைக்க வேண்டும். கட்டடத்துக்குத் தரைத்தளம் ஒன்று, மேல்தளம் ஒன்று. இந்த ஒரு மாடிக்குக் கண்ணாடி லிப்ட். அது ஒரு நாளும் பழுதானதில்லை.

கொசுவையும் ஆணியையும் அழைத்து, படிவம் கொடுத்தார்கள். 'கோபத்தின் பொருள்' என்ற இடத்தில் கொசு 'லிப்ட்' என்று எழுதினாள். 'கோபத்தின் அளவு' என்பதற்கு மூன்று கட்டம்: லேசானது, நடுத்தரம், மேடைக்கு ஏற்றது. ஆணி மூன்றையும் டிக் செய்தான். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தைத் திட்டுகிற பாட்டுக்கு அரசாங்கமே மேடை போடுகிறதே, காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று நாங்கள் பூரித்துப் போனோம். அறிவு கெட்டவர்கள்.

மறுபடி வாசல் சண்டைக்கு வருகிறேன்.

"பெரியவங்க கேக்கணும்னா, பிள்ளைங்ககிட்ட அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வரணும்" என்றார் டோக்கன்காரர்.

"யாரோட பிள்ளைங்ககிட்ட?"

"உங்க பிள்ளைங்ககிட்ட."

கண்டக்டர் அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்பது குடியிருப்பு முழுக்கத் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தப் பையன் வாசலில் வைத்து, அறுபது பேர் முன்னால் சொல்ல வைத்தான்.

"எனக்குப் பிள்ளை இல்லை."

"அப்ப பிள்ளை இல்லைங்கறதுக்கு ஒரு படிவம் இருக்கு. ஆபீசுக்கு வாங்க."

பெரியவர்கள் கலையாததால் கச்சேரி நிறுத்தப்பட்டது. காரணம்: 'கூட்டத்தில் வயது கலந்துவிட்டது.'

மறுநாள் அக்காவோடு நானும் வாரியத்துக்குப் போனேன். துணைக்குத்தான். சரி, வேடிக்கை பார்க்கவும்தான். கொசுவும் வந்தாள். டோக்கன்காரர் படிவத்தை நீட்டினார். 'எனக்குப் பிள்ளைகள் இல்லை என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.' அக்கா கையெழுத்துப் போட்டார்.

"கீழ இன்னொரு கையெழுத்து வேணும்."

"யாருது?"

"பிள்ளையோடது. மேல சொன்னது உண்மைதான்னு பிள்ளை ஒப்புக்கொள்ளணும்."

"இல்லாத பிள்ளை எப்படிய்யா கையெழுத்துப் போடும்?"

"அது எனக்கும் சந்தேகம்தாம்மா" என்றார் அவர். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஆனா கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

அக்கா படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கான டிக்கெட் கிழித்த விரல்கள். அந்தத் தாளை மடித்தன, பிரித்தன. கொசு தாளைப் பிடுங்கி, கட்டத்தில் கையெழுத்தைப் போட்டாள்.

டோக்கன்காரர் பதறினார். "உறவு?"

"மக."

"எப்ப பொறந்தீங்க?"

"இப்பத்தான். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. பிள்ளை இல்லை என்று பிள்ளையே ஒப்புக்கொண்ட சான்றிதழ், முத்திரையோடு கைக்கு வந்தது. அக்கா அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கண் கலங்கியதா என்று கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குள் சத்தம் கேட்டு வாரியத் தலைவரே கண்ணாடி லிப்டில் இறங்கி வந்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயது. வாரிய முத்திரை பதித்த, தலைமூடி வைத்த ஹூடி சட்டை.

"செம!" என்றார் எங்களைப் பார்த்து, முதல் கடமையாக. பிறகு உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"அம்மா, நாங்க கோபத்துக்கு எதிரி இல்ல. கோபத்தை வளர்க்கத்தான் இந்த வாரியமே. ஆனா அது இளைஞர்களோட கோபமா இருக்கணும். இளைஞன் கோபப்பட்டா அது கலை. நாங்க கைதட்டறோம், கேடயம் கொடுக்கறோம், போட்டோ எடுத்துக்கறோம். எல்லாருக்கும் சந்தோஷம். அதே வார்த்தையை இருபத்தஞ்சு வயசுக்கு மேல ஒருத்தர் சொன்னா, அது புகார். புகார்னா பதிவேட்டில ஏத்தணும். ஏத்தினா முப்பது நாளைக்குள்ள நடவடிக்கை எடுக்கணும். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். பிள்ளைங்க பாடி நீங்க தலையாட்டினா, பாட்டு எது, புகார் எதுன்னு எங்களால பிரிக்க முடியல. அதனாலதான் பிரிச்சு உக்கார வைக்கறோம். பிள்ளைங்க கத்தட்டும், நல்லது. நீங்க வீட்ல இருங்க. கெத்து!"

அக்கா நிதானமாகக் கேட்டார். "அப்ப நாங்க கேக்கக் கூடாது."

"கேக்காம இருந்தா உத்தமம்."

"பாடலாமா?"

தலைவர் சிரித்தார். அவர் சிரித்தால் மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது. "நீங்களா? ராப்பா? பாடுங்க, பாடுங்க. வேற லெவல்!"

மூன்று கடமையும் முடிந்தது. குறித்துக்கொண்டு லிப்டில் ஏறிப் போனார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் படிக்கட்டில் விசில் கேட்டது. இரண்டு விசில்.

ஆணி டயர்க் கடையிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் கொண்டுவந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தான். சீட்டில் டிரைவர், இஸ்திரி போட்ட பழைய யூனிபார்மில். சுமந்தவர்கள் பதினான்கு பிள்ளைகள், மாடிக்கு நான்கு பேராக மாற்றி மாற்றி. பள்ளிக்குப் போகாமல் வந்திருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா ஒரு விசில் ஊத, நின்றார்கள். இரண்டு ஊத, நகர்ந்தார்கள்.

"இடது பக்கம் ஒடி... ஒடி... செவுத்துல இடிக்காத! லைசென்ஸ் யாருடா கொடுத்தான் உனக்கு?" என்று டிரைவர் மேலேயிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"தாத்தா, வண்டி பழசு. மெதுவாத்தான் போகும்" என்றாள் முன்பக்கம் பிடித்திருந்த ஒருத்தி, வியர்வை சொட்ட.

"வண்டியைச் சொல்றியா, என்னைச் சொல்றியா?"

"ரெண்டையும்தான்."

தரையில் இறக்கியதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மண்ணில் வைத்தார். அந்தப் பதினான்கு பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வாரியத்தின் கூடத்தில் அறுபத்துமூன்று பேர் நின்றோம். நானும்தான். எல்லோருக்கும் இருபத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பாடினோம். ராப்புக்கு மூச்சுப் பிடிக்க வேண்டும், எங்களிடம் மூச்சு ஏது? இரண்டு அடிக்கு ஒரு இருமல். ஆனால் அந்தப் பாட்டே மூச்சு வாங்குகிறவர்களின் பாட்டு. இருமலும் தாளத்தில் சேர்ந்துகொண்டது. 'தொற! தொற! கதவத் தொற!' என்று தரையைக் கைத்தடிகள் இடித்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதினான்கு மனுவில் எழுத மறந்ததெல்லாம் அதில் வந்தது. எனக்கு இவ்வளவு கோபம் இருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

தலைவர் திருப்பிப் போட்ட தொப்பியோடு ஓடிவந்தார். "செம! வேற லெவல்!" என்று பலமாகக் கைதட்டினார். அதிகாரிகளும் தட்டினார்கள்.

டோக்கன்காரர் அவர் காதருகே போனார். "சார், இவங்க எல்லாரும் மஞ்சள்."

கைகள் பாதியில் நின்றன. கூடம் முழுக்கக் கைதட்டல் ஒவ்வொன்றாக அணைந்தது.

பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து திறக்காத பதிவேடு, திறந்ததும் நெட்டி முறித்தது. அறுபத்துமூன்று புகாரையும் டோக்கன்காரர் மாலை ஐந்து மணி வரைக்கும் எழுதினார். வயதுக் கட்டம் வந்தபோது எல்லோரும் வயதை உரக்கச் சொன்னோம்.

இதற்கிடையில் டிரைவர் எங்கே? கண்ணாடி லிப்டில். சீட்டோடு உள்ளே போய் உட்கார்ந்து, மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"ஐயா, எறங்குங்க. தலைவர் போகணும்."

"தாராளமா வரட்டும். படியில தொங்காம உள்ள வரச் சொல்லு. அடுத்த ஸ்டாப்பு முதல் மாடி."

"ஐயா, இது ஆபீஸ் லிப்டு."

"லிப்டு ஏறி ரெண்டு வருஷம் ஆகப்போவுது தம்பி. கொஞ்சம் ஏறிக்கறேன்."

அன்றைக்கு நாற்பத்தேழு நடை அடித்தார். தலைவர் பதினாறு படி ஏற வேண்டியதாயிற்று. பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மணிவாக்கில், டிரைவர் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம் பார்த்து, யாரோ லிப்டின் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். அழகான எழுத்தில்: 'பழுது'.

கொசு அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எங்க லிப்டு கெட்டுப்போய் பழுதாச்சு. இவங்களது, நம்ம ஏறினதால பழுதாச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீடு திரும்பும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இறக்குவது வேறு, ஏற்றுவது வேறு. பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் மாடி வரைக்கும் தூக்கினார்கள். என் வீட்டு வாசலில் ஒரு பெண்ணின் மணிக்கட்டு பிசகியது. டிரைவர், தன் மனைவியின் கழுத்திலிருந்த விசிலை எடுத்து, தானே ஒன்று ஊதினார்.

"போதும். இறக்குங்க. என்னைத் தூக்கறதுக்கா உங்களைப் பெத்துப் போட்டிருக்காங்க?"

டிரைவரும் அக்காவும் ஒன்பது நாள் என் கூடத்தில் இருந்தார்கள். பத்தாம் நாள், ஆணி தன் டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்து கொடுக்க, அங்கே குடிபோனார்கள். தரையோடு தரையாக இருக்கும் அறை. ஏழாம் மாடி வீட்டுச் சாவியை அக்கா திருப்பிக் கொடுத்தார். இருபது வருஷம் இருந்த வீடு. சாமான்களை நூற்றுப் பன்னிரண்டு படி இறக்கியதும் அதே பிள்ளைகள்தான்.

புகார் எழுதிய இருபத்தொன்பதாம் நாள் லிப்ட் சரியாயிற்று. வந்தவர் ஒரு பெண் மெக்கானிக். நாற்பது நிமிஷ வேலை. ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. ஒரு வருஷம், பதினோரு மாதம், நாற்பது நிமிஷம்!

திறப்பு விழா வைத்தார்கள். லிப்டுக்குள் பித்தளைப் பலகை: 'இளைஞர்களின் குரலுக்குச் செவிசாய்த்து'. தலைவர் பேசினார்: "இது இளைஞர்களின் வெற்றி! இவ்வளவு நாள் பொறுமையாக இருந்த பெரியவர்களுக்கு என் நன்றி. பொறுமைதான் உங்க கெத்து." கொசுவுக்கும் ஆணிக்கும் 'சிறந்த கோபம்' என்ற கேடயம். பாடச் சொன்னார்கள்.

கொசு மைக்கைப் பிடித்தாள். "ஒண்ணு" என்றாள். "ரெண்டு." "மூணு." அவ்வளவுதான் பாட்டு. பத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், இருபதுக்கு நாங்கள். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டு, கேடயத்தை லிப்டுக்குள் வைத்து, ஏழாம் மாடிக்குப் பொத்தானை அமுக்கி, கதவை மூடி அனுப்பிவிட்டு இறங்கி நடந்தாள்.

தலைவர் கைதட்டினார். "வேற லெவல்!"

அதன் பிறகு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தலைவர் பதவி உயர்வு பெற்று மூத்தோர் அமைதி வாரியத்துக்குப் போனார். கொசுவும் ஆணியும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று நான் நாலு பேரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். என் வாய்க்கு மண். ஆணி கட்டிக்கொண்டது அந்த லிப்ட் மெக்கானிக்கை. கொசு நான்காம் மாடியை விட்டு டயர்க் கடை அறைக்குப் பக்கத்து அறைக்குக் குடிபோய்விட்டாள். கேட்டால், சான்றிதழ் இருக்கிறது என்கிறாள். டிரைவர் தினமும் தெருமுனை வரைக்கும் போய்வருகிறார். வண்டிகளை இப்போது நேரில் திட்டுகிறார்.

டோக்கன்காரருக்கும் கல்யாணம் ஆயிற்று. அரசு ஒதுக்கீட்டில் வீடு கிடைத்தது. எங்கள் குடியிருப்பு, ஏழாம் மாடி, டிரைவர் இருந்த அதே வீடு. நான்கு மாதம் சுகமாக ஏறி இறங்கினார். ஐந்தாம் மாதம் தகரப் பலகை மறுபடி கதவுக்கு வந்தது. மனைவி மாசமாக இருந்தாள். அந்தப் பெண்ணைக் கண்டக்டர் அக்கா, ஒரு வார்த்தை சொல்லாமல், தன் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொண்டார். ஏழாம் மாடியில் இப்போது டோக்கன்காரர் மட்டும் தனியாக.

போன வாரம் அவர் டயர்க் கடைக்கு வந்தார். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன்.

"அக்கா, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடணும். வாரியத்துல போய் நானே பாடறேன். கொசுகிட்ட சொல்லுங்க."

கண்டக்டர் அக்கா தலை நிமிரவில்லை.

"உங்க வயசு என்ன?"

அவர் தயங்கினார். "போன மாசம் இருபத்தாறு முடிஞ்சுதுக்கா."

"அப்ப மஞ்சள். பிள்ளைகிட்ட லெட்டர் வாங்கிட்டு வா."

"பிள்ளை பொறக்கவே இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

"அதுவரைக்கும் கைதட்டிக்கிட்டு இரு."